பதினைந்து ரூபாய்க்குக் கேட்ட கோழி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஐயர்* சொல்லி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய டிவிஎஸ் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது, அம்மாவும் நானும் வாழை இலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் எழுந்து உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். யார் வந்தாலும் அங்கேதான் நிற்பேன். (ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இந்தக் கதவுக்கும் தொடர்பு உண்டு. அது வேறு கதை. அதை யாரும் கேட்கவில்லை.)

"கிறிஸ்மஸுக்குப் பிள்ளைங்க போட்ட நாடகத்தை எழுதினது உங்க மகதானாமே?" என்றார் ஐயர்.

"அவ என்னத்தையாவது எழுதிக்கிட்டே கெடப்பாய்யா. நோட்டு நோட்டா எழுதி ஒளிச்சி வச்சிக்கிடுதா. பெத்தவ கேட்டாலும் காட்டமாட்டா."

ஐயர் கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பாளையங்கோட்டையில் இரண்டு நாள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். சபையாரை மனமுவந்து கொடுக்கவைப்பது எப்படி என்பதுதான் அங்கே பாடம். கற்றதை அப்படியே எங்கள் கதவுக்குக் கற்பித்தார்.

"செங்கல்லுக்கு யாரும் கொடுக்க மாட்டாங்க பாப்பா. முகத்துக்குத்தான் கொடுப்பாங்க. நம்ம மணிக்கூண்டு இடுப்பளவுல நிக்குது. ஏன் நிக்குது? நாம செங்கல்லைக் காட்டிக் கேட்டோம். இனி முகத்தைக் காட்டணும்."

முகத்தையும் அவரே முடிவுசெய்து வைத்திருந்தார்: அன்னப்பழம் பெரியம்மை, அம்மாவுக்கு அக்கா முறை. போன வருடம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவளுடைய கோழி ஆயிரத்தொரு ரூபாய்க்குப் போனது. அந்தச் சம்பவத்தை நான் ஒன்றரைத் தாளில் எழுத வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏலம் தொடங்குவதற்கு முன் அதை அவர் வாசிப்பார். வாசித்து முடித்ததும் பெரியம்மை, இந்த வருடத்துக் கோழியோடு மேடைக்கு வருவாள். அதற்குப் பிறகு எல்லோரும் கொடுப்பார்கள்.

"கண்ணீர் கடைசியில வரணும் பாப்பா. நடுவுல வந்துட்டா கடைசிவரைக்கும் தாங்காது. கடைசி வரி நான் யோசிச்சிட்டேன்: 'அன்பான சபையாரே, நீங்கள்?' அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிடுதேன்."

நான் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன். அது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்தார்.

* எங்கள் பக்கம் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். வேறு ஊர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். அவர் கோழி சாப்பிடுவார். கதைக்கு இது முக்கியம்.

2

முதல் வரி சரியாக வரவில்லை.

எழுதியது: "ஓர் ஊரில் ஓர் ஏழை விதவை இருந்தாள்." இது பொய்யில்லை. பெரியப்பா இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. வீட்டில் அதிகமாக ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த வரியை ஒலிபெருக்கியில் கேட்டால் பெரியம்மை எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைப்பாள். அடித்துவிட்டேன்.

அடுத்து: "தாமிரபரணி சலசலத்து ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில்." எங்கள் கோயிலிலிருந்து ஆற்றுக்குப் போக இரண்டு வாழைத்தோட்டம் தாண்ட வேண்டும். அங்கே உட்கார்ந்தால் ஸ்ரீவைகுண்டம் போகிற லாரிச் சத்தம்தான் கேட்கும். அடித்துவிட்டேன்.

அடுத்து: "கொடுப்பதில் உள்ள இன்பத்தை அறியாத மனிதரே, சற்று" [இது ஐயரின் குரல். பாதியில் நிறுத்திவிட்டேன்.]

அடுத்து: "அது செம்பட்டை நிறக் கோழி. காலில் ஒரு விரல் கிடையாது."

இதை அடிக்க மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐயருக்கு வேண்டிய ஒன்றரைத் தாளை அதிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

3

அது செம்பட்டை நிறக் கோழி. காலில் ஒரு விரல் கிடையாது. அதன் முட்டைகளை டீக்கடையில் கொடுத்துத்தான் பெரியம்மைக்குச் சோப்பும் சீனியும் மண்ணெண்ணெயும் வந்தன.

அறுப்பின் பண்டிகை அன்று எங்கள் சபையில் ஒவ்வொரு வீடும் தன்னிடம் உள்ளதைக் கொண்டுவரும். வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், முருங்கைக்காய், கோழி. ஆராதனை முடிந்ததும் ஜெபம் பண்ணி, எல்லாவற்றையும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். பணம் கோயிலுக்கு. வசதியுள்ளவர்கள் பூசணிக்காயை நூறு ரூபாய்க்கு எடுப்பார்கள். அது பூசணிக்காயின் விலையல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்குப் பெயர் கிடையாது. இல்லாத வீட்டு ஆட்கள் கொண்டுவந்த பொருள் ஏலத்துக்கு வந்தால் மற்றவர்கள் கொஞ்ச நேரம் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொண்டுவந்தவர் தானே "பத்து ரூவா" என்பார். ஏலம் போடுகிற உபதேசியார் (ஐயருக்கு அடுத்தபடியாகக் கோயில் வேலை பார்ப்பவர்) கடகடவென்று மூன்று தரம் சொல்லி முடிப்பார். கோயிலுக்குப் பத்து ரூபாய். கொண்டுவந்தவருக்குக் கோழியும், கோழி கொடுத்தவர் என்ற பெயரும். கோழிக்கு ஒரு ஜெபம். பெயரில்லாத வழக்கம் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

போன வருடம் இரண்டு பேர் புதிது. ஒருவர் ஐயர், மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மற்றவர் பம்பாயிலிருந்து வந்திருந்த ஆசீர்வாதம் அண்ணாச்சி. (ஊர்ப் பெயரை மும்பை என்று மாற்றிவிட்டார்கள். அண்ணாச்சி ஒத்துக்கொள்வதில்லை.) எங்கள் ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே பம்பாய்க்குப் போய், கடை வைத்துப் பெரிய ஆளானவர்.

பெரியம்மையின் கோழியை உபதேசியார் தூக்கிக் காட்டினார்.

"அன்னப்பழம் அம்மா கோழி! அருமையான கோழி! கேளுங்க!"

ஊர் வழக்கப்படி வேறெங்கோ பார்த்தது. பெரியம்மை முந்தியில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்துக்கொண்டே, "பத்து ரூவா" என்றாள்.

"பத்து ரூவா ஒருதரம், பத்து ரூவா ரெண்டுதரம்…"

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். ஒரு ஏழைப் பெண்ணின் கோழியைக் கேட்க ஒருவரும் இல்லை. எல்லோரும் மரத்தையும் வானத்தையும் பார்க்கிறார்கள். அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

"நூறு!"

உபதேசியாருக்கு வாய் மூடவில்லை. பெரியம்மை அண்ணாச்சியைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், கையிலிருந்த பணத்தைப் பார்த்தாள்.

"பதினஞ்சு" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. ஐயர் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அம்மா, நூறுக்கு மேல கேக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். ஆனால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணாச்சி கண்களைத் துடைத்துக்கொண்டு, எதிராளி இல்லாமலேயே தன் கேள்வியைத் தானே ஐந்நூறாக்கினார், பிறகு ஆயிரத்தொன்றாக்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

4

மதியம் ஐயர் வீட்டில் அண்ணாச்சிக்கு விருந்து. அந்தக் கோழிதான் குழம்பு. பெருமைப்படுத்துவதற்காகப் பெரியம்மையையும் அழைத்து, அண்ணாச்சிக்கு எதிர்நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஐயரம்மா கரண்டியோடு வந்தபோது, "எனக்கு ரசம் போதும்" என்றாளாம். எவ்வளவு தாழ்மை என்று அண்ணாச்சிக்கு மறுபடியும் கண் கலங்கியதாம். இதை ஐயர் கதவுக்கு இரண்டு முறை சொன்னார். "அந்த ரசத்தை மட்டும் விட்டுராத பாப்பா."

அவருக்குத் தெரியாதது ஒன்று. அந்தக் கோழி அப்போது அடையில் இருந்தது. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான். பண்டிகைக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? ஒரு மணி நேரத்தில் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று, முட்டைகளின் சூடு ஆறாமலிருக்கப் பழைய சேலையைப் போர்த்திவிட்டு வந்திருந்தாள். ரசத்தைக் குடித்துவிட்டு ஓடிய ஓட்டத்தில் செருப்பை ஐயர் வீட்டிலேயே விட்டுவிட்டாள். முட்டைகளை மடியில் கட்டிக்கொண்டுபோய் பக்கத்துத் தெரு ஆபிதா பீவி வீட்டு அடைக்கோழிக்கு அடியில் வைத்தாள். பாதி கூழாகிவிட்டது. பொரிந்த குஞ்சுகளில் பருந்துக்கும் கீரிக்கும் போக மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்று வளர்ந்து, இப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருக்கிறது. ஐயர் சொன்னாரே, இந்த வருடத்துக் கோழி? அது இதுதான்.

5

எனக்கு இங்கே ஒரு சிக்கல். இந்தக் கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும். தேடிப்பார்த்தேன்.

ஐயரைக் கெட்டவராக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். "அவர் கண்கள் கோழியைக் கண்டதும்" [நிறுத்திவிட்டேன். மணிக்கூண்டுக்கு ஒரு மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தவர். அந்த மாதம் ஐயரம்மா எங்கள் வீட்டில் அரிசி கைமாற்று வாங்கினார்கள்.]

அண்ணாச்சியைக் கெட்டவராக்கலாம். பணக்காரர், பம்பாய், மோதிரம். சுலபம். ஆனால் அவரும் ஒரு கைம்பெண்ணின் பிள்ளை. சிறுவனாக இதே முற்றத்தில் உட்கார்ந்து ஏலத்தை வேடிக்கை பார்த்திருக்கிறார். பிறகு எப்படி வழக்கம் தெரியாமல் போனது என்று யோசித்தேன். அவர் அம்மாவிடம் கொண்டுவருவதற்கு ஒரு கோழிகூட இருந்ததில்லை. கொடுத்திருந்தால்தானே திரும்ப எடுப்பது தெரியும்?

ஆக எல்லோரும் நல்லவர்கள். கோழி மட்டும் செத்துப்போயிற்று.

6

புதன்கிழமை முகமே நேரில் வந்தது.

"ஏட்டி, என்னயப் பத்தி எழுதுதியாமே? வாசி, கேப்பம்."

பெரியம்மைக்கு முன்னால் மட்டும் நான் கதவுக்குப் பின்னால் போவதில்லை. போனாலும் இழுத்துவிடுவாள். ஐயருக்காக எழுதியிருந்ததை வாசித்தேன். "தன் நலிந்த கைகளால் அந்தத் தாய்…"

"யாரு கையி?"

"உங்க கைதான் பெரியம்மை."

"இந்தக் கையா?" முழங்கைவரை நீட்டிக் காட்டினாள். "நேத்துக்கூட ரெண்டு கட்டு இலைய மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கேன். நலிஞ்ச கையாம்லா, நலிஞ்ச கை!"

"கதைன்னா அப்படித்தான் எழுதணும் அக்கா. நீங்க தெம்பா இருக்கியன்னா யாரு துட்டு குடுப்பா?" என்றாள் அம்மா.

பெரியம்மை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"ஐயரு வந்து, இந்த வருசமும் நீங்கதான்மா மொதல்லன்னுட்டுப் போயிட்டாரு. பம்பாய்க்காரரும் வாராராம். அந்தக் கோழியோட மவதான் இதுன்னு போன் போட்டு வேற சொல்லியாச்சாம். போன தடவ ஆயிரம். இந்தத் தடவ ரெண்டாயிரம்னாலும் கேப்பாரு. நான் என்னத்த கேக்க?"

"ஐயருட்ட உள்ளதச் சொல்லிருங்களேன்" என்றாள் அம்மா.

"என்னன்னு சொல்லச் சொல்லுத? வருசாவருசம் பத்து ரூவாயக் குடுத்துட்டு நானே தூக்கிட்டு வந்துருவேம்னா? சாமிக்குக் குடுக்க மாதிரி குடுத்து ஏமாத்திருக்கான்னுலா ஆவும்."

"ஊருக்குள்ள எல்லாரும் அப்படித்தான செய்யுதோம்."

"செய்யுதோம். சொல்லுதோமா?"

அம்மா இலையின் நரம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"பேசாம ஒரு பூசணிக்காயக் கொண்டு போங்க."

"பூசணிக்காய்க்கு யாருளா அழுவா?"

போகும்போது என் நோட்டைத் தட்டினாள்.

"ஏட்டி, நீதான எழுதுத? கதைக்குள்ள அந்தக் கோழிய எங்கிட்ட திருப்பிக் குடுத்துரு. நாடகத்துல செங்கடலயே ரெண்டாப் பொளந்தவ. ஒனக்கு ஒரு கோழி பெரிசா?"

7

எனக்கும் பெரிதில்லை என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை முழுவதும் முடிவுகள் எழுதினேன்.

ஐயர் விரும்பும் முடிவு: பெரியம்மை மலர்ந்த முகத்தோடு கோழியைக் கொடுக்கிறாள். அண்ணாச்சி இரண்டாயிரம் என்கிறார். சபை பொங்கி எழுகிறது. மணிக்கூண்டு கிடுகிடுவென்று வளர்கிறது. முதல் மணியோசையில் பெரியம்மை கண்விழிக்கிறாள். (கோழியும் இல்லாததால் அவளை எழுப்ப மணிதான் வேண்டியிருக்கிறது. இதை எழுதவில்லை.)

கோழி விரும்பும் முடிவு: உபதேசியார் தூக்கிக் காட்டும்போது அது உதறிப் பறந்து பாதி கட்டிய மணிக்கூண்டின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு பணம் கேட்டாலும் இறங்குவதில்லை. எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஏலக் கோழிக்குக் கால்களைத் தென்னை நாரால் கட்டியிருப்பார்கள். பெரியம்மை இறுக்கித்தான் கட்டுவாள். அடித்துவிட்டேன்.

இன்னொன்று: உபதேசியார் இரண்டாம் தரம் சொல்லும்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் வாயைத் திறந்து

[பேருந்தில் நடத்துநரிடம் டிக்கெட் கேட்கக்கூட எனக்கு அம்மா வேண்டும். இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.]

கடைசியாக உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்த்தேன். பெயரில்லாத வழக்கத்துக்குப் பெயர் வைத்து, எல்லாவற்றையும் விளக்கி. படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அதை ஒலிபெருக்கியில் வாசித்தால் பெரியம்மைக்குக் கோழி கிடைக்கும். ஏமாற்றுக்காரி என்ற பெயரும் கூடவே கிடைக்கும். அவள் மட்டுமல்ல, பத்து ரூபாய்க்கு எடுத்த எல்லா வீடுகளும் அன்றைக்குத் தலையைக் குனியும். அடுத்த வருடத்திலிருந்து இல்லாத வீட்டுக்காரர்கள் பண்டிகைக்கே வரமாட்டார்கள்.

உண்மையை எழுதினால் ஒரு கோழி மிஞ்சும், ஒரு வழக்கம் செத்துப்போகும். பொய்யை எழுதினால் மணிக்கூண்டு எழும்பும். நடுவில் எழுத ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

ஒரே ஒரு வரி இருந்தது.

8

வெள்ளிக்கிழமை ஐயர் வந்தார். ஒன்றரைத் தாளையும் கதவிடுக்கு வழியாக நீட்டினேன். வாசலில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு படித்தார். நான் கதவின் பிளவு வழியாகப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலில் ஒரு விரல் இல்லாததை அடித்தார். "காணிக்கைப் பொருள் ஊனமா இருக்கக் கூடாது பாப்பா. வேதத்துலயே இருக்கு."

முட்டைகளையும் பழைய சேலையையும் அடித்தார். "துக்கம் நடுவுல வந்துட்டுது பாத்தியா."

ரசத்தின் கீழே இரண்டு கோடு போட்டார்.

பிறகு அந்த இடத்துக்கு வந்தார். நான் அதில் எதையும் விளக்கவில்லை. இப்படித்தான் இருந்தது: "அண்ணாச்சி, நூறு என்றார். அன்னப்பழம் அம்மா, பதினைந்து என்றார்."

ஐயர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாகூட அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"இது இருக்கட்டும்! கண்டிப்பா இருக்கட்டும். கூட்டத்துலயும் இதத்தான் சொன்னாங்க, முதல்ல சிரிக்கவைக்கணும்னு. சிரிச்ச மனுசன் கை தானா சட்டைப்பைக்குப் போகுமாம். இந்த இடத்துல நான் கொஞ்சம் நிறுத்திப் பையப் பைய வாசிக்கேன். பிரமாதம் பாப்பா. நீ மட்டும் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்ப."

நான் எங்கேயும் போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

9

இன்று சனிக்கிழமை. கோயில் முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. அண்ணாச்சி வந்து இறங்கிவிட்டார் என்று அம்மா சொன்னாள். பெரியம்மையின் கோழி பஞ்சாரக் கூடைக்குள் கிடக்கிறது. காலையில் ஒரு முட்டை இட்டதாம். எனக்கு அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "எழுதிட்டியா?" என்று கேட்டாள். "எழுதிட்டேன்" என்றேன். "எங்கிட்ட குடுத்துட்டியா?" என்றாள். நான் முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

நாளை ஐயர் அந்த வரியில் நிறுத்துவார். ஊர் சிரிக்கும். ஊருக்கு அதன் அர்த்தம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரிக்கும், போன வருடம் சிரித்ததுபோல. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் மட்டும், தான் நூறு என்று கேட்டபிறகு ஒரு பெண்பிள்ளை ஏன் பதினைந்து என்றாள், அவளிடம் மொத்தம் எவ்வளவு இருந்தது, எதற்காகத் தன் கோழியைத் தானே கேட்டாள் என்று யோசிக்க வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைப்பது ஒரு சிரிப்பு அடங்குகிற நேரம். யோசித்துவிட்டார் என்றால் இந்த வருடம் அவரும் மரத்தையோ வானத்தையோ பார்ப்பார். யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

இதைத் தவிர இந்தக் கதைக்கு வேறு முடிவு என்னிடம் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் கோயிலில் காணிக்கைக்குத் தட்டு கிடையாது. வெல்வெட்டுப் பை வரும். எல்லோரும் மூடிய கையைத்தான் அதற்குள் விடுவார்கள். உள்ளே போட்டது நூறா, நாலணாவா, ஒன்றுமே இல்லையா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதேபோல நீங்களும் யாருக்கும் காட்ட வேண்டாம். மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். பெரியம்மை பதினஞ்சு என்று சொன்ன இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப்பாருங்கள்.

சிரித்திருந்தால், நாளை மதியம் ஐயர் வீட்டில் குழம்பு.

அன்பான வாசகரே, நீங்கள்?